செவலைக்குச் சொன்ன இங்கிலீசு

அவள் பேரை நான் சொல்லப்போவதில்லை. கடைசிவரைக்கும் "அவள்" என்றுதான் சொல்வேன். அவளுக்குப் பிடிக்காதது அதுதான். யாராவது "அவள்", "அவன்", "அது" என்று மொட்டையாகப் பேச்சை ஆரம்பித்தால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு "எவுக?" என்பாள். கேட்கட்டும். இத்தனை வருசம் கழித்து எதிரே வந்து நின்று "எந்த அவளைப் பத்திக்கா பேசுறீக?" என்று கேட்டால் அப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அவள் எனக்கு ஓர்ப்படி. என் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு, பாம்பனில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் ஆகியிருக்கும். அவள் வருகிற வரைக்கும் அந்த வீட்டில் கெட்டிக்காரி என்றால் நான்தான். குழம்பில் உப்புக் கூடிப்போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "மூத்தவளக் கேளு, அவளுக்குத் தெரியும்" என்பார் மாமியார். அப்புறம் இவள் வந்தாள். ஒல்லியாக, கறுப்பாக, காலில் செருப்புப் போட்டுக்கொண்டு. மதுரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரைக்கும் படித்தவளாம். எங்கள் தெருவில் ஒன்பதாவது படித்த ஆம்பளையே கிடையாது. மாமியார் வாசலில் நின்றுகொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் அதைச் சொன்னார். எனக்கு அன்றைக்கே அடிவயிற்றில் பற்றிக்கொண்டது.

வந்த புதிதில் ஒரு நாள், மாமியார் பின்வாசலிலிருந்து, "ஏத்தா, அவன் சாப்ட்டானா?" என்று குரல் கொடுத்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அன்று இரண்டு பேருமே வீட்டில் இருந்தார்கள். நானாக இருந்தால் "சாப்ட்டாக அத்தை" என்று பொதுவாகச் சொல்லி வேலையைப் பார்த்திருப்பேன். இவள், "எவுக அத்தை?" என்றாள்.

"எவுகளா? எம் புள்ளைதான்டி."

"ரெண்டு பேருல எவுக?"

மாமியார் வாசற்படி ஏறி வந்தார். கடைசியில் பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் பதில் வாங்கினார். நான் உள்ளே நின்று, போச்சுடா, இன்றைக்கு இவளுக்குக் கிடைக்கப்போகிறது என்று காத்திருந்தேன். மாமியார் என்னடாவென்றால், "படிச்ச புள்ள, அதான் தெளிவாக் கேக்குது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மாமியார் பிள்ளை பேரைச் சொல்லலாம். எங்களுக்குத்தான் ஆகாது. புருசன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் பயம். அவளுக்கு அதற்கும் மேல் ஒரு கட்டு இருந்தது. புருசனுடைய அண்ணன் முன்னால் அவள் நிற்கக் கூடாது, நேருக்கு நேராகப் பேசவும் கூடாது. அதாவது என் வீட்டுக்காரர் முன்பக்கத்துப் பட்டாசாலையில் இருந்தால் அவள் அடுப்படியில். அவர் அடுப்படிப் பக்கம் வந்தால் இருமிக்கொண்டு வருவார். அவள் பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போய்விடுவாள். அவசரத்துக்கு எதையாவது அவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், ஆட்டையோ கோழியையோ பார்த்துச் சொல்ல வேண்டும். "ஏ கோழி, பெரியவுகளச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். கோழி அது பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருக்கும். பெரியவர் கை கழுவிக்கொண்டு வருவார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் நடப்பு. யாரும் சிரிக்கமாட்டார்கள்.

என் கொழுந்தனுக்குக் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கல்யாணம் முடித்து ஒன்றரை மாசம் இருந்துவிட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனார். அந்தச் சமயம் பார்த்துப் பாஸ்போர்ட்டு, விசா என்று இரண்டு கரையிலும் கெடுபிடி. இந்தத் தைக்கு வாரேன், அடுத்த ஆடிக்கு வாரேன் என்று ஆள் மூலம் தகவல் வரும். ஆள் வரவில்லை. அவள் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு எங்கள் வீட்டில் சுற்றி வந்தாள். பென்சில் எதற்கு என்று கேட்டால், "சும்மா இருக்கட்டும்க்கா" என்பாள்.

அவள் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஊர்வம்பு உருப்படியாகப் பேச முடிந்ததில்லை. மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணை உருட்டி, "தெரியுமா சேதி? அவ அவங்கூடப் போயிட்டாளாம்ல" என்று ஆரம்பிப்பாள். நான் ஆவலாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவேன். இவள் உள்ளேயிருந்து, "எவ? எவன்கூட?" என்பாள். மீன்காரிக்கும் பேர் தெரிந்திருக்காது. மூன்றாம் வீட்டில் கேட்டதை நாலாம் வீட்டில் விற்க வந்தவள்தானே அவள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு மீனும் போச்சு, சேதியும் போச்சு.

"ஏன்டி, பேர் தெரிஞ்சாத்தான் கேப்பியா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"ஆமாக்கா. வெரல நீட்டுனா அதுக்கு முன்னால ஒரு ஆளு நிக்கணும். ஆளே இல்லாம நீட்டக் கூடாது."

அதே மீன்காரி பிறகு ஒரு தடவை, வேண்டுமென்றே, இவள் காதில் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னாள். "கொழும்புல அவனுக்கு ஒருத்தி இருக்காளாம்ல." அவன் என்றால் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இவள் அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. வழக்கமான அதே குரலில், "எவ? பேரு என்ன?" என்றாள். மீன்காரி கூடையைத் தூக்கினாள். "பேரெல்லாம் எனக்கெங்கன தெரியும்?" என்று முனகினாள். "அப்பத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். நானாக இருந்தால் மீன்காரி தலைமுடியைப் பிடித்திருப்பேன், ஊரையே கூட்டியிருப்பேன். அந்தத் திடம் இவளுக்கு எப்படி வந்தது என்று எனக்கு அன்று முழுக்க ஆறவில்லை. பாவம் என்று தோன்றவேண்டிய இடத்திலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது.

இனி என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். அவர் பாம்பன் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரயில் வருகிறபோது தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவிடுகிற வேலை. வெயில், மழை, கடல் காற்று எல்லாம் அவர் மேல்தான். பரீட்சை எழுதித் தேறினால் டிக்கெட் கொடுக்கிற கிளார்க்காகலாம், நாற்காலியில் உட்காரலாம். அதற்கு இங்கிலீசு வேண்டும். எழுத்துப் பரீட்சை ஒன்று, ஆபீசர் எதிரே நின்று வாயால் பதில் சொல்வது ஒன்று. அவர் யாரிடமோ ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கி வந்து பட்டாசாலையில் உட்கார்ந்து மாடு அசைபோடுவதுபோல் படித்தார். எல்லாம் ஒருமாதிரி ஏறியது. 'புரோநவுன்' என்கிற பாடத்தில் வண்டி நின்றுவிட்டது. அதில் எத்தனையோ வகை, எந்தச் சொல் எந்த வகை என்று கேட்பார்களாம். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஹிம்செல்ப்... ரிலேட்டிவ் புரோநவுன்" என்று சத்தமாகச் சொன்னார்.

அடுப்படியில் நானும் அவளும் இருந்தோம். அவளுக்கு உதடு துடித்தது. பொறுக்கமாட்டாமல், அடுப்பில் இருந்த பாத்திரத்தைப் பார்த்து, "ஏ பால்சட்டி, 'ஹிம்செல்ப்' ரிலேட்டிவ் இல்ல, ரிஃப்ளெக்ஸிவ்னு பெரியவுகட்டச் சொல்லு" என்றாள்.

பட்டாசாலையில் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பால்சட்டிய, அது ஏன்னு கேளு" என்று அவர் குரல் வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு பணிவை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. என்னிடம் அவர் கேட்டதெல்லாம் "சோறு ஆச்சா?" மட்டும்தான்.

மாமியாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் முறை கெடக்கூடாது. "பால்சட்டிகிட்டப் பேசிப் பாடம் படிக்க முடியாது. மூத்தவளே, நீ அடுப்படி நிலைப்படில உக்காரு. அவ சொல்றத வாங்கி இங்கன சொல்லு, இவன் கேக்குறத வாங்கி அங்கன சொல்லு" என்று எனக்கு உத்தியோகம் போட்டார். மறுக்க முடியுமா? புருசன் கிளார்க்கானால் எனக்கும் பெருமைதானே. சாயங்காலம் அவர் வேலை விட்டு வந்ததும் பாடம் தொடங்கும். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், நடுவில் நிலைப்படியில் நான்.

"பேருக்குப் பதிலா வாரதுதான் புரோநவுன்க்கா. நாம பேரு சொல்லாம அவுக இவுகங்கிறோம்ல, அதான். நம்ம வீட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் இதுல பி.ஏ. பாஸு" என்று அவள் ஆரம்பித்தாள். நான் திரும்பி அதைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை.

வகைகளை அவள் வீட்டு ஆட்களை வைத்தே சொன்னாள். மாமியார் அகப்பையை நீட்டி இது, அது, அங்கன கிடக்கே அது என்று காட்டுவாரே, 'திஸ், தட்', அத்தை டெமான்ஸ்ட்ரேட்டிவ். 'ஹூ, விச், வாட்' என்று வாசலில் கூடையை வைத்துத் துருவித் துருவிக் கேட்கிற மீன்காரி இன்டராகேட்டிவ். யாரோ வந்தாக, யாரோ போனாக என்று மட்டும் சொல்லத் தெரிந்த பக்கத்து வீட்டுக் கிழவர் 'சம்படி', அவர் இன்டெஃபினிட். கண்ணாடி முன்னால் நின்று மீசையை நாலு தடவை சீவுகிற ஆள் 'ஹிம்செல்ப்'. இதை மட்டும் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் அதைச் சத்தமாகவே கடத்தினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"நான் எதுடி?" என்று கேட்டேன். ஆசை யாரை விட்டது?

"நீங்க 'மைன்' அக்கா" என்றாள்.

ஏதோ உசத்தியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து, திரும்பி அவரிடம், "நான் மைனாம்" என்றேன். "அப்படின்னா என்னங்க?" என்று அவரிடமே கேட்டேன். "என்னுதுன்னு அர்த்தம். பொசெஸிவ். எதையும் விட்டுக்குடுக்காம இறுக்கிப் பிடிச்சுக்கிறவ" என்று சொல்லி அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. "நீ எதுடி அப்ப?" என்று அவளைப் பார்த்துச் சீறினேன்.

"நான் ரிலேட்டிவ்க்கா. முன்னால ஒரு பேரு இருந்தாத்தான் அதுக்கு நிலை. இல்லைன்னா அந்தரத்துல தொங்கும்."

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவள் இரக்கத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் தனுஷ்கோடியில் சுங்கக்காரர்கள் கொழும்புச் சாமான்களைப் பிரித்துப் பார்ப்பதுபோல் நானும் எல்லாவற்றையும் சோதித்துத்தான் அந்தப் பக்கம் விட்டேன். பாடம் போகும். பாராட்டுப் போகாது. "பெரியவுகளுக்குச் சட்டுனு ஏறிருதுக்கா, நல்ல மூளை" என்பாள். நான், "அவ அடுத்தது சொல்றா" என்பேன். "கெட்டிக்காரப் புள்ளடி அது" என்பார் அவர். நான், "சரியா இருக்குங்கிறாக" என்பேன்.

ஒரு தடவை அவர் வேலையாக மதுரைக்குப் போனவர் ஒரு சிவப்புப் பென்சில் வாங்கி வந்தார். "அந்தப் புள்ளகிட்டக் குடு, பழசு தேஞ்சுபோச்சு" என்று என் கையில் கொடுத்தார். எனக்கும் அவருக்கும் கல்யாணமாகி ஒன்பது வருசம். மதுரையிலிருந்து எனக்கு ஒரு ஊக்கு வந்ததில்லை. அவள் பழைய பென்சில் தேய்ந்தது இவருக்கு எப்படித் தெரியும்? அவளை நேரே பார்க்கக் கூடாதே. கதவிடுக்கில் கொண்டையைப் பார்த்திருக்கிறாரா? அன்று சாயங்காலம் எனக்குத் தலைவலி என்று போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். நடுவில் ஆள் இல்லாமல் எப்படிப் பாடம் நடக்கிறது பார்ப்போம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"ஏ செவலை, ரெண்டு பேருக்குள்ளன்னா 'ஈச் அதர்', அதுக்கு மேலன்னா 'ஒன் அனதர்'னு பெரியவுகட்டச் சொல்லு."

செவலை எங்கள் ஆடு. "மே" என்றது.

"ஏ செவலை, ரெண்டும் ஒரே வகைதானான்னு கேளு" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா செவலை, ரெண்டும் ரெசிப்ரோக்கல்."

போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தேன். அவர் பட்டாசாலைத் தூணுக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் கிணற்றடியில் முக்காட்டோடு ஆட்டைப் பார்த்து நின்றாள். முறை ஒன்றும் கெடவில்லை. மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாளும் எனக்குத் தலைவலி, மறுநாளும் செவலைக்குப் பாடம். நான் நடுவில் இருந்தபோது தட்டுத்தடுமாறிப் போனது, இப்போது தண்ணியாக ஓடியது. ஒரு சொல் விடாமல், சோதனை இல்லாமல், பாராட்டு உட்பட. "செவலை, பெரியவுக இன்னைக்கு ஒரு தப்புக்கூடப் பண்ணலன்னு சொல்லு." "செவலை, சொல்லிக்குடுக்கிற ஆளு அப்படின்னு சொல்லு." ஆட்டுக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லாமல்போயிற்று.

அடுத்த நாள் பாட நேரத்துக்கு எழுந்தேன். செவலையை அவிழ்த்துப் பின்னால் பூவரச மரத்தில் கட்டினேன். வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"தலவலி போயிருச்சாக்கா?"

"போயிருச்சு. நீ சொல்லு."

நடுவில் இருந்து வேகிறது, வெளியில் படுத்து வேகிறதைவிட மேல். அது நான் அப்போது கண்டுகொண்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். செவலை என்ன படித்ததோ, நான் படித்துவிட்டேன். ஒரு சொல்லை வாங்கிக் கொடுக்கிறவளுக்கு அதில் கொஞ்சம் கையில் ஒட்டத்தானே செய்யும். அவள் எனக்குச் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துத்தான் சொல்வாள், எனக்குப் புரிந்தது என்று முகத்தில் தெரிகிற வரைக்கும் அடுத்ததுக்குப் போகமாட்டாள்.

பரீட்சைக்கு மதுரை போனார். எழுத்துப் பரீட்சை நன்றாகத்தான் எழுதினாராம். வாய்ப் பரீட்சையில் போச்சு. திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மாமியார் கேட்கக் கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

"ஆபீசர் இங்கிலீசுல கேட்டாரு. எனக்குப் பதில் தெரியும்த்தா. சுத்தமாத் தெரியும். ஆனா என் மூஞ்சி தன்னால வாசல் பக்கம் திரும்பிருச்சு. வாசல்ல பியூன் நின்னான். அவன்கிட்டச் சொல்லிட்டேன்."

"என்னடா சொல்ற?"

"ஆபீசர் கேக்குற ஒவ்வொண்ணுக்கும் பியூனப் பார்த்தே பதில் சொல்றேன். 'என்னையப் பாரு'ங்கிறாரு ஆபீசர். நான் பியூன்கிட்ட, 'பாக்குறேன்னு அய்யாகிட்டச் சொல்லு'ங்கிறேன். பியூன் நடுங்கிப்போயிட்டான். ஆபீசர் என்னையக் கிறுக்கன்னு நினைச்சுட்டாரு. ஆறு மாசம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாரு."

எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அடுத்த நிமிசம் அழுகையும் வந்தது. ஆறு மாசம் இன்னும் வெயிலில் தண்டவாளம் மாற்ற வேண்டும் அந்த மனுசன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏ அடுப்பே," என்றாள். "இது பெரியவுக தப்பில்லன்னு சொல்லு. மூஞ்சியப் பார்த்துப் பேசிப் பழகணும். எதிர்ல ஒரு ஆளு உக்காந்து கேக்கணும்."

எதிரே யார் உட்காருவது? அவள் உட்கார முடியாது. செவலையால் கேள்வி கேட்க முடியாது. மாமியார் என்னைப் பார்த்தார். அன்றைக்கு எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. இங்கே வாடி ராசாத்தி, இப்போது என் முறை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம், அவர் வேலைக்குப் போன நேரத்தில், அவள் எனக்குக் கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தாள். "வாட்", "ஹூ" என்று சொல்லும்போது வாயை எப்படிக் குவிக்க வேண்டும் என்று என் தாடையைப் பிடித்துக் காட்டினாள். நான் கண்டபடி திட்டிக்கொண்டே கற்றேன். சாயங்காலம் பட்டாசாலையில் முக்காலியைப் போட்டு நான் ஆபீசராக உட்காருவேன். அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் இங்கிலீசில் கேட்பேன். அவர் என் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். முதலில் அவருக்கு வெட்கம், எனக்கும் வெட்கம். கல்யாணமாகி அத்தனை வருசத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் முகத்தை முகம் பார்த்ததில்லை. அவர் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் அதுவும் போச்சு. கண் என் மேல்தான் இருக்கிறது. ஆனால் தலை ஒரு பொட்டு சாய்ந்திருக்கிறது, வலது காது அடுப்படிப் பக்கமாக. நான் தப்பாகக் கேட்டால் உள்ளே வளையல் சத்தம் கேட்கும், நான் கேட்டது தப்பு என்று அதை வைத்து அவர் தெரிந்துகொள்வார்.

"காதைத் திருப்புங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்தக் காதை?" என்றார் அப்பாவிபோல்.

மறு தடவை தேறிவிட்டார். ஆபீசரை நேருக்கு நேர் பார்த்துப் பேசினாராம். மானாமதுரைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் கிளார்க் வேலை கிடைத்தது, குடியிருக்க வீடும் சேர்த்து. நான் பாத்திரங்களைக் கட்டிய வேகத்தைப் பார்த்து மாமியாருக்கே ஆச்சரியம். மாமியார் பாம்பனை விட்டு வரமாட்டேன் என்றார், அவருக்குத் துணையாக அவள் இருந்துகொண்டாள். அவள் புருசன் அப்போதும் வரவில்லை.

புறப்படுகிற அன்று எங்களோடு ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள், அரிசி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. என் வீட்டுக்காரர் கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிக்கொள்ளப் போய்விட்டார். பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டு பேரும்தான். காற்று மணலை வாரி அடித்தது. எனக்கு இனிமேல் பயமில்லை, போகப்போகிறோம். அதனால் வாய் திறந்துகொண்டது.

"உனக்கென்னடி. நீ கதவுக்குப் பின்னால மூச்சு விட்டாலும் அவுக காது அங்கன திரும்புது. நான் எதிர்ல உக்காந்து தொண்ட கிழியக் கேட்டாலும் எனக்குப் பாதிதான்."

நான் சொன்ன "அவுக" யார் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். மூட்டையை இறக்கி வைத்தாள். கொண்டையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க 'ஏங்க'ன்னா ஒரு தல திரும்புது. நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து ஆட்டையும் அடுப்பையும் பார்த்துத்தான் பேசிக்கிட்டிருக்கேன். 'ஏங்க'ன்னு நான் எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட? அந்தப் பக்கம் கடல்தானே கெடக்கு."

அழவில்லை. பாலத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். எனக்குப் பாவம் என்று தோன்றியது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் இத்தனை நாள் வயிற்றெரிச்சலை எனக்கு இப்படி நறுக்கென்று சொல்ல வரவில்லையே, இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று இருந்தது.

ரயில் வந்தது. மூட்டைகளை ஏற்றினோம். அவர் தூரத்திலேயே இருமிக்கொண்டு வந்தார். அவள் விலகி, தண்ணீர்க் குழாயைப் பார்த்து, "ஏ குழாய், பெரியவுகளப் பத்திரமாப் போயிட்டு வரச் சொல்லு" என்றாள். அவர், "குழாய்கிட்டச் சொல்லு, இந்த உபகாரத்த நான் மறக்கமாட்டேன்னு" என்றார். வண்டி அசைந்தது. நான் ஜன்னலோரம், அவர் என் எதிரே, வெளியே அவள்.

"ஏங்க" என்று கூப்பிட்டேன், சத்தமாக.

அவர் முழுமுகமாகத் திரும்பினார். "என்ன?"

"தண்ணிச் செம்பு எங்கன?"

செம்பு என் மடியில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் சிரித்தார். வெளியே அவள் கையை ஆட்டாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்.